சொன்னதையே சொல்லும் சீனக் கவிஞர்கள்

தந்தி கொடுத்துப் பழகியவர்களுக்கு ஒரு சொல்லின் விலை தெரியும். 2013-ல் அந்தச் சேவை நிறுத்தப்படும் வரை, படிவத்தில் உள்ள சொற்களை எண்ணித்தான் காசு வாங்கினார்கள். "உடனே புறப்படு" என்பதில் "உடனே"யை அடித்துவிடலாமா என்று யோசித்தவர்கள் எத்தனையோ பேர்! ஒரே சொல்லை இருமுறை எழுத யாருக்கு மனம் வரும்?

பழங்காலச் சீனக் கவிஞரின் நிலையும் ஏறக்குறைய இதுதான். வரிக்கு ஐந்து எழுத்து, அல்லது ஏழு. சீனத்தில் ஓர் எழுத்து என்பது பெரும்பாலும் ஒரு முழுச் சொல். தாங் பேரரசுக் காலத்தில் (618-907) செம்மை பெற்ற எட்டு வரிப் பாடலில் மொத்தமே 40 அல்லது 56 எழுத்துகள். மலை, நதி, பிரிவு, மூப்பு எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். வந்த எழுத்து மறுபடி வராமல் பார்த்துக்கொள்வதும் வழக்கம்.

இத்தனை நெருக்கடியிலும் ஒரே எழுத்தை அடுத்தடுத்து இருமுறை வைத்தார்கள் என்றால் காரணமில்லாமலா?

பச்சைப்பசேல்

"சலசல", "படபட" என்று பேசும் நமக்கு இது புரியாத சங்கதியல்ல. நம் இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது. சீனத்தில் பிரித்தாலும் பொருள் தருவனவும் உண்டு. "ச்சிங்" என்றால் பச்சை. "ச்சிங் ச்சிங்" என்றால் பச்சைப்பசேல்.

சீனரின் மிகப் பழைய தொகுப்பான "ஷி சிங்"கில் 305 பாடல்கள் உள்ளன. அதன் முதல் பாடலே ஒரு பறவையின் இரட்டைக் கூவலோடுதான் தொடங்குகிறது.

ஜன்னலில் ஒரு பெண்

ஹான் பேரரசுக் காலத்தைச் சேர்ந்த "பத்தொன்பது பழம்பாடல்கள்" என்ற தொகுதி உண்டு. பாடியவர்கள் யாரென்று தெரியாது. அதில் இரண்டாவது பாடல் பத்தே வரி. முதல் ஆறு வரிகளும் இரட்டைச் சொல்லில் தொடங்குகின்றன. ஆற்றங்கரைப் புல், தோட்டத்து மரம், மாடியில் ஒரு பெண், ஜன்னலோரம் அவள் பொலிவு, ஒப்பனை, கடைசியில் அவள் விரல்கள். தூரத்திலிருந்து மெல்ல மெல்ல நெருங்கும் பார்வை. ஒவ்வொரு இரட்டைச் சொல்லிலும் ஒரு கணம் நின்று, பிறகு நகர்கிறது.

ஏழாவது வரியில் இரட்டைச் சொற்கள் சட்டென்று நின்றுவிடுகின்றன. அவள் முன்பு பாட்டுக்காரி. இன்று ஊர் சுற்றும் ஒருவனின் மனைவி. போனவன் திரும்பவில்லை. அழகைச் சொல்ல அத்தனை இரட்டைச் சொற்களைச் செலவிட்ட கவிஞர், தனிமையைச் சொல்லும்போது கையை இறுக்கிக்கொள்கிறார். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்களுக்கு இந்தப் பாடலின் கடைசி நான்கு வரிகளை விளக்க வேண்டியதில்லை.

பதினேழாம் நூற்றாண்டு அறிஞர் கு யென்வு இந்த ஆறு வரிகளின் இயல்பான ஓட்டத்தை மெச்சினார். பாடலில் இரட்டைச் சொல்லைக் கையாளுவதே மிகக் கடினம், இதற்குப் பின் இதைத் தொடர ஆளில்லை என்பது அவர் முடிவு. சற்றுக் கடுமையான தீர்ப்புதான். பின்னால் வந்தவர்களிலும் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள்.

நாலெழுத்து வழக்கு

தாங் காலக் கவிஞர் வாங் வெய் மீது ஒரு திருட்டுப் புகார் உண்டு. கழனியில் கொக்கும், மரத்தில் மாங்குயிலும் வரும் இரண்டு வரிகளை லி ஜியாயூ என்பவரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்பதே புகார். அவருடைய ஐந்தெழுத்து வரிகளுக்கு முன்னால் ஆளுக்கொரு இரட்டைச் சொல்லை ஒட்டி, ஏழெழுத்தாக்கிவிட்டாராம்!

சுங் காலத்து விமரிசகர் யே மெங்தெ வாங் வெய்க்காக வாதாடினார். வரிகளின் அழகே அந்த நான்கு எழுத்துகளில்தான் இருக்கிறது என்றார் அவர். ஒரு தளபதியின் படையை இன்னொரு தளபதி ஏற்று ஒரே ஒரு கட்டளையிட, அதே வீரர்கள் பன்மடங்கு மிடுக்காகத் தெரிவதைப் போலாம். ஒரு சொல் வயல்வெளியைக் கண்ணுக்கெட்டாத தூரம் விரிக்கிறது. மற்றது மரநிழலை அடர்த்தியாக்குகிறது. லி ஜியாயூ வயதில் இளையவர் என்பதால், யார் யாரிடமிருந்து எடுத்தார் என்பதே சந்தேகத்துக்குரியது!

டு ஃபூ 767-ல் யாங்சே நதிக்கரையில் நோயாளியாக இருந்தபோது, குன்றேறிப் பாடிய பாடல் புகழ்பெற்றது. உதிரும் இலைகளுக்கு ஓர் இரட்டைச் சொல். பெருகிவரும் நதிக்கு ஒன்று. முதலாவது சருகின் ஓசை. இரண்டாவது புரண்டு புரண்டு வரும் வெள்ளம். 56 எழுத்துகளில் நான்கை இதற்குக் கொடுத்தார். இலை உதிர்ந்து தீரவில்லை, நதியும் ஓய்வதில்லை. இரட்டிப்பு இல்லாமல் அந்த முடிவின்மை கிடைத்திருக்காது.

ஏழு ஜோடி

எல்லோரையும் மிஞ்சியவர் ஒரு பெண். லி ச்சிங்ஜாவ் 1084-ல் பிறந்தவர். கணவரும் அவரும் பழங்கால வெண்கலப் பாத்திரங்களையும் கல்வெட்டுப் படிகளையும் தேடித் தேடிச் சேர்த்தார்கள். 1127-ல் தலைநகர் கைஃபெங் பகைவர் வசமானது. தெற்கே ஓடிய தம்பதியில் கணவர் 1129-ல் இறந்தார். சேர்த்த பொருள்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைநழுவின.

அவர் பிற்காலத்தில் இயற்றியதாகப் பெரும்பாலோர் கருதும் ஒரு பாடல், பதினான்கு எழுத்துகளோடு தொடங்குகிறது. அத்தனையும் ஏழு இரட்டைச் சொற்கள்! முதலில் தேடுதல், பிறகு குளிரும் வெறுமையும், அதன்பின் துயரம். எதைத் தேடினார் என்று பாடலில் இல்லை. வீட்டுக்குள் அங்குமிங்கும் அலைந்து, எதையும் காணாமல், பிறகே குளிரை உணரும் ஒருத்தியின் நடை அதில் கேட்கிறது.

இடையில் கொஞ்சம் மது, காற்று, வானில் வாத்துக் கூட்டம், உதிர்ந்து கிடக்கும் செவ்வந்தி. கடைசியில் அந்தி மழை. அங்கே மறுபடியும் இரட்டைச் சொற்களை எடுக்கிறார். இலைகளின் மேல் மழை சொட்டுச் சொட்டாக விழுகிறது.