உங்களுக்குத் தெரியுமா? எஞ்சின் நின்றால் மூக்கைத் தாழ்த்து!

மேலெழும்பிய சிறு விமானத்தின் எஞ்சின் 500 அடியில் நின்றுவிட்டால், விமானி முதலில் மூக்கைத் தாழ்த்த வேண்டும். ஏறும் விமானத்தின் மூக்கு வானைப் பார்த்திருக்கும். விசை போனதும் சில நொடிகளில் வேகம் கரைந்துவிடும். வேகம் இருந்தால்தான் சிறகு தாங்கும். பல சிறு விமானங்கள் ஓரடி இறங்குவதற்குள் ஒன்பதடி முன்னே மிதக்கும். 500 அடியிலிருந்து ஒன்றேகால் கிலோமீற்றருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மட்டக்களப்பு ஓடுபாதைப் பக்கமிருந்து செங்கலடிச் சந்திக்கு மிதந்துவர 4,500 அடி உயரமாவது வேண்டும்.

புறப்பட்ட ஓடுபாதைக்கே திரும்பினால் என்ன? பலரின் உயிரைக் குடித்தது இந்தத் திருப்பம்தான். அரைவட்டம் போதாது; பக்கவாட்டில் விலகிவிட்டதால், பாதைக்கு நேராக வர இன்னும் திருப்ப வேண்டும். 45 பாகை சரித்தால், சிறகு தாங்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் 19 வீதம் கூடும். ஏறும்போது எதிரே வந்த காற்று இப்போது பின்னாலிருந்து தள்ளும். தரை வேகமாக ஓடுவதைக் கண்டு விமானி மூக்கை உயர்த்துவார். சிறகு தாங்கலை இழக்கும். மீட்க உயரம் இருக்காது. ஆகவே நேரே, அல்லது சற்றே இடம் வலமாக, கண்ணில் படும் வெளியில் இறங்குவதே பாதுகாப்பு.

1958 இல் தொடங்கிய மட்டக்களப்பு விமான நிலையம் வாவிக்கரையில் இருக்கிறது. சக்கரம் மடங்காத விமானம் நீரைத் தொட்டதும் குப்புறக் கவிழக்கூடும். அதனால் முன்கூட்டியே கதவைத் திறந்துவைக்கப் பழக்குகிறார்கள். பதுளை வீதிப் பக்கம் வேளாண்மை வெட்டி முடிந்த வயல் கிடைத்தால் நல்லது, வரம்புக்குக் குறுக்கே போகாமல் நீளப்பாட்டில் இறங்க வேண்டும். வீதி ஆசை காட்டும். ஓரத்து மின்கம்பிகள் மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது.

 

எஞ்சின் நிற்காதிருக்க எரிபொருள் தடையின்றிப் போக வேண்டும். பாடகர் ஜோன் டென்வர் 1997 ஒக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவில், வேறொருவர் கட்டிய லோங்-ஈஸி விமானத்தில் மாண்டார். எரிபொருள் தாங்கியை மாற்றும் பிடி, மூல வரைபடத்தில் இருந்த இடத்தில் இல்லை. கட்டியவர் அதை விமானியின் இடத் தோளுக்குப் பின்னே வைத்திருந்தார். அதை எட்டத் திரும்பியபோது கால் தவறுதலாக வலப்பக்கச் சுக்கான் மிதியை அழுத்தியிருக்க வேண்டும் என்று விசாரணை முடிவு செய்தது. சொந்தமாக விமானம் கட்டுவோர் ஒரு பிடியின் இடத்தைக்கூட இலேசாக மாற்றக்கூடாது.

எரிபொருளில் கலந்த தண்ணீரும் எஞ்சினை நிறுத்தும். அரைகுறையாக நிரம்பிய தாங்கியில், ஈரக்காற்றுள்ள இரவில் நீர் படியும். அதனால் பறக்குமுன் தாங்கியின் அடியிலிருந்து கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் வடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். விமானப் பெற்றோல் நீலமாக இருக்கும். தண்ணீர் நிறமற்ற குமிழாக அடியில் உருளும். ஒரு குமிழ் கண்டாலும், அது நிற்கும்வரை வடிக்க வேண்டும்.