வானத்து ஒளியும் படைத்துறைக் கோப்பும்

வானத்தில் தோன்றி, கண்டவர்களால் இன்னதென்று சொல்ல முடியாமல் போன பொருட்களைப் பற்றிப் பல நாடுகளின் படைத்துறைகள் விசாரித்துள்ளன. அவற்றுள் அதிகம் பேசப்படுவது அமெரிக்க விமானப்படை 1948 தொடங்கி 1969 வரை நடத்திய விசாரணையாகும். முதலில் ‘சைன்’, பின்னர் ‘கிரட்ஜ்’, 1952 முதல் ‘புளூ புக்’ என்று பெயர் மாறிவந்த இத்திட்டம் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரை அடுத்த ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்திலிருந்து இயங்கியது. மூடப்பட்டபோது அதன் கோப்புகளில் 12,618 அறிக்கைகள் இருந்தன. அவற்றுள் 701 அடையாளம் காணப்படாதவையாக எஞ்சின. இந்த 701 வேற்றுலகத்தார் வருகைக்குச் சான்று என்பார் ஒரு சாரார். பொருட்படுத்தத் தகாத மிச்சம் என்பார் மற்றொரு சாரார். ஆனால் அந்த எண் எப்படிக் கிடைத்தது என்று பார்த்தால், அது வானத்தைப் பற்றிச் சொல்வதைவிட விசாரித்தவர்களைப் பற்றியே மிகுதியாகச் சொல்கிறது எனலாம்.

1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னல்டு என்ற தனியார் விமானி, வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருட்கள் மிகுந்த வேகத்தில் பறந்ததைக் கண்டதாகக் கூறியதிலிருந்து, ‘பறக்கும் தட்டு’ பற்றிய செய்திகள் நாடெங்கும் பெருகின. சோவியத் ஒன்றியத்துடன் பனிப்போர் மூண்டுவந்த காலம் அது. கைப்பற்றப்பட்ட ஜெர்மானியத் தொழில்நுட்பத்தைக் கொண்டு சோவியத் பொறியாளர்கள் புதுவகை விமானம் எதையேனும் உருவாக்கிவிட்டார்களோ என்பதே படைத்தலைமையின் கவலையாக இருந்தது. ஆகவே, ‘இது என்ன?’ என்ற அறிவியல் கேள்வியைவிட, ‘இது நாட்டுக்கு ஆபத்தா?’ என்ற கேள்வியே விசாரணைக்கு முந்தியது. ஆபத்தில்லை என்று தெரிந்தவுடன் கோப்பை மூடிவிடும் போக்கு இதிலிருந்தே பிறந்தது.

விசாரணை முறை எளியது. கண்டவர் படிவத்தை நிரப்புவார். அதில் உள்ள நாள், நேரம், திசை, தொடுவானத்திலிருந்து இருந்த உயரம் ஆகியவற்றை, அவ்வேளையில் அப்பகுதியில் பறந்த விமானங்கள், ஏவப்பட்ட வானிலை பலூன்கள், கோள்களின் இருப்பிடம், எரிகற்கள் ஆகியவற்றோடு அலுவலர்கள் ஒப்பிடுவர். வானியல் தொடர்பானவற்றைப் பிரித்துக் காட்டும் பணி ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வானியலாளர் ஜே. ஆலன் ஹைனெக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. வெள்ளிக் கோள், பிரகாசமான விண்மீன்கள், பலூன்கள், விமான விளக்குகள் ஆகியவையே பெரும்பாலான அறிக்கைகளுக்கு விடையாயின. ஆயினும் இம்முறையில் ஓர் அடிப்படைக் குறை உண்டு. பின்னணி ஏதுமற்ற வானத்தில் தெரியும் ஒரு பொருளின் அளவு முன்னரே தெரிந்தால் மட்டுமே அதன் தொலைவைக் கண்ணால் மதிப்பிட முடியும். தொலைவு தெரிந்தால் மட்டுமே வேகத்தைக் கணிக்க முடியும். அருகில் மெல்ல மிதக்கும் சிறு பலூனும், மிகத் தொலைவில் விரையும் பெரிய ஊர்தியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடும். அனுபவமிக்க விமானியாக இருந்தாலும் இந்த வரம்பைக் கடக்க முடியாது.

இதைவிடப் பெரிய இடர் அரசின் மறைபொருள் காப்பிலிருந்து வந்தது. 1948 ஜனவரி 7 அன்று கென்டக்கி மாநில வானில் தெரிந்த பெரிய, பளபளப்பான பொருளொன்றைப் பின்தொடர்ந்த கேப்டன் தாமஸ் மேன்டெல், ஆக்சிஜன் வசதியின்றி மஸ்டாங் போர்விமானத்தில் 20,000 அடிக்கும் மேலே ஏறிச் சென்று, விமானம் விழுந்து நொறுங்கியதில் உயிரிழந்தார். அவர் துரத்தியது வெள்ளிக் கோளே என்று முதலில் விளக்கம் தரப்பட்டது. ஆனால் அது கடற்படையின் ‘ஸ்கைஹுக்’ பலூனாகவே இருந்திருக்க வேண்டும் என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் கருத்து. மிக உயரத்தில் மிதக்கும் அந்த மாபெரும் பிளாஸ்டிக் பலூன் அப்போது மறைபொருளாக இருந்ததால், மேன்டெலும் அதை அறியவில்லை, அவருடைய மரணத்தை விசாரித்தவர்களும் அறியவில்லை. ஒரு படைப்பிரிவின் இரகசியத்தை மற்றொரு படைப்பிரிவு புதிரெனத் துரத்தியதில் ஓர் இளம் விமானியின் உயிர் போனது. இத்திட்டத்தின் வரலாற்றில் இதைவிட வருந்தத்தக்க செய்தி வேறில்லை.

1955-இல் யு-2 உளவு விமானத்தின் சோதனைப் பறத்தல் தொடங்கியபோது இந்நிலை மேலும் சிக்கலானது. பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் 20,000 அடிக்குக் கீழே பறந்த அக்காலத்தில், 60,000 அடிக்கு மேல் பறந்த யு-2 விமானத்தின் வெள்ளி நிற இறக்கைகள், தரையில் இருள் பரவிய பின்னரும் கதிரவன் ஒளியை எதிரொளித்து நெருப்பாய்ச் சுடர்ந்தன. வந்த அறிக்கைகளை யு-2 பறத்தல் குறிப்புகளோடு புளூ புக் அலுவலர்கள் ஒப்பிட்டுப் பார்த்ததாகவும், விடை தெரிந்தும் அதை எழுதிக் கேட்டவர்களிடம் சொல்ல இயலவில்லை என்றும் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. பின்னர் வெளியிட்ட வரலாறு கூறுகிறது. 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் வந்த அறிக்கைகளில் பாதிக்கு மேற்பட்டவை இத்தகைய உளவு விமானங்களால் விளைந்தவை என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. இந்த விகிதத்தை மறுப்பவர்களும் உண்டு.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1952 ஜூலையில், தலைநகர் வாஷிங்டனின் விமானநிலைய ரேடார்களில் அடுத்தடுத்த இரு வார இறுதிகளில் அடையாளம் தெரியாத புள்ளிகள் தோன்ற, போர்விமானங்கள் விரைந்தன. ஜூலை 29 அன்று செய்தியாளர்களைச் சந்தித்த மேஜர் ஜெனரல் ஜான் சாம்ஃபோர்டு, வெப்பநிலைத் தலைகீழ் நிலையே காரணமாக இருக்கலாம் என்றார். வழக்கமாக மேலே செல்லச் செல்லக் காற்று குளிரும். சில இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதன்மேல் வெப்பக் காற்று படர்ந்து நிற்கும்போது, ரேடார் அலைகள் கீழ்நோக்கி வளைந்து தரையிலுள்ள பொருட்களில் பட்டுத் திரும்பி, வானத்தில் ஏதோ இருப்பதாகக் காட்டும். அந்த ஓராண்டில் மட்டும் 1,501 அறிக்கைகள் வந்து குவிந்தன.

இந்த வெள்ளத்தில் உண்மையான வான்தாக்குதல் பற்றிய எச்சரிக்கை மூழ்கிப்போகுமோ என்று அஞ்சிய சி.ஐ.ஏ., 1953 ஜனவரியில் இயற்பியலாளர் எச். பி. ராபர்ட்சன் தலைமையில் ஒரு குழுவைக் கூட்டியது. சில நாட்களே கூடிய அக்குழு, இவற்றால் நேரடி ஆபத்தில்லை என்று முடிவு செய்ததோடு, மக்களுக்கு இவற்றின்பால் உள்ள ஆர்வத்தைத் திட்டமிட்டுக் குறைக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அவ்வாண்டே வந்த விமானப்படை விதி, விடை காணப்பட்ட நிகழ்வுகளைப் பற்றி மட்டுமே பொதுமக்களிடம் பேசலாம் என்று வரையறுத்தது. அறிவியலாளர்கள் அமர்ந்த அவையிலிருந்து இப்படியொரு பரிந்துரை வந்தது பெரும் பிழையென்றே கருத வேண்டும். ஏனெனில் விமானப்படைக்காக பேட்டல் நிறுவனம் செய்து 1955-இல் வெளியான புள்ளியியல் ஆய்வில், தரம் குறைந்த அறிக்கைகளைவிடத் தரம் மிகுந்தவற்றிலேயே அடையாளம் காணப்படாதவற்றின் விகிதம் கூடுதலாக இருந்தது. தகவல் போதாத நிகழ்வுகளைத் தனியே ஒதுக்கிய பின்னரும் கிடைத்த இம்முடிவு, மேலும் ஆராய்வதற்கே காரணமாகியிருக்க வேண்டும்.

1966-இல் மிச்சிகன் மாநிலத்தில் பலர் கண்ட ஒளிகள் சதுப்பு நில வாயுவாக, அதாவது அழுகும் தாவரங்களிலிருந்து வெளிப்பட்டு எரியும் வாயுவாக இருக்கலாம் என்று ஹைனெக் கூறியபோது மக்கள் கொதித்தனர். அம்மாநிலத்தின் பிரதிநிதியும் பின்னாளில் குடியரசுத் தலைவரானவருமான ஜெரால்டு ஃபோர்டு நாடாளுமன்ற விசாரணை கோரினார். அதன்பின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் எட்வர்டு காண்டன் தலைமையில் நடந்த ஆய்வு, இத்தகைய பொருட்களைப் பற்றிய ஆராய்ச்சியால் அறிவியலுக்குப் பயனேதும் விளையவில்லை என்று அறிவித்தது. 1969 டிசம்பரில் புளூ புக் மூடப்பட்டது. ஹைனெக் மட்டும், தாம் பணியாற்றிய திட்டத்தையே குறைகூறுபவராக மாறி, 1973-இல் தனி ஆய்வு மையம் ஒன்றை நிறுவினார்.

புளூ புக் மூடப்பட்டு அரை நூற்றாண்டுக்குப் பின், அமெரிக்கத் தேசிய உளவுத்துறை இயக்குநர் அலுவலகம் 2021 ஜூனில் வெளியிட்ட அறிக்கை இத்தகைய 144 நிகழ்வுகளை ஆராய்ந்து, காற்றிறங்கிய பெரிய பலூன் என ஒன்றை மட்டுமே உறுதியாக அடையாளம் கண்டது. மற்றவற்றைப் பற்றி முடிவு செய்யத் தரவு போதவில்லை என்றது. கேலிக்கு அஞ்சி விமானிகள் தாம் கண்டதைச் சொல்லத் தயங்குவதையும் அது ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. இத்தகைய நிகழ்வுகளைப் பதிவு செய்வதற்கான சீரான நடைமுறையைக் கடற்படை 2019 மார்ச்சில்தான் ஏற்படுத்தியது. விமானப்படை அதை ஏற்றது 2020 நவம்பரில்.