பின்சில்லுப் பிறேக்கும் கைப்பிறேக்கும்

கைப்பிறேக் தளர்ந்துவிட்டால் கேபிளை இறுக்குவதே அதற்கு மருந்தென்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. மொறிஸ் மைனர் முதலிய பழைய வண்டிகளிலே, பிறேக் டிறத்தின் துளையூடாகத் திருப்புளியை நுழைத்துத் திருகிப் பின் கேபிளையும் சிறிது இறுக்குதல் நம் மூத்தோர் வழக்கம். இவ்விழா மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவருட் பலர் இன்று செலுத்தும் வண்டிகளிலோ பின்சில்லிலும் வட்டத்தட்டுப் பிறேக்கே உளது. இதற்கு அவ்வழக்கம் பொருந்தாது. (தமிழ்ச் சொற்களை ஆக்கி இடலாம், ஆயின் கராஜில் எவரும் விளங்கிக்கொள்ளார் ஆதலின், ஆங்கு வழங்குஞ் சொற்களையே எடுத்தாளுகின்றோம்.)

வட்டத்தட்டுப் பிறேக் நேற்றுத் தோன்றியதன்று. இங்கிலாந்தின் லான்செஸ்ரர் 1902இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். எனினும் 1953இல் ஜாகுவார் வண்டி இத்தகைய பிறேக்குடன் லே மான் பந்தயத்தை வென்ற பின்னரே அதன் புகழ் பரவியது.

சில்லுடன் சுழலும் இரும்புத் தட்டை இரு பாட்களால் கவ்வுங் கருவியே கலிப்பர். காலால் மிதிக்கையில் பிறேக் எண்ணெய் அதன் பிஸ்ரனைத் தள்ளும். பின்சில்லிலே, பல வண்டிகளில், அதே பிஸ்ரனைக் கைப்பிறேக்கும் தள்ளவேண்டியுள்ளது. அதற்கெனக் கலிப்பரின் முதுகில் ஒரு சிறு நெம்புகோலும், உள்ளே ஒரு திருகுத்தண்டும் அமைந்துள்ளன. பாட் தேயத் தேய இத்திருகு தானே முன்னேறி இடைவெளியை நிரப்பும். ஆனால் நெம்புகோல் முற்றாகப் பின்வாங்கித் தன் தடையில் அமர்ந்தாலன்றி இது செவ்வனே நிகழாது. கேபிளை அளவுமீறி இறுக்கினால் நெம்புகோல் என்றும் அரைகுறையாக இழுபட்டு நிற்கும். பாட் தேயும், இடைவெளி பெருகும், கைப்பிறேக் மீண்டுந் தளரும். நாமும் மீண்டும் இறுக்குவோம்!

ஹெந்தளையில் மேற்கே கடல். உப்புக்காற்று நெம்புகோலின் அச்சிலும், கலிப்பர் வழுக்கிச் செல்லும் இரு ஊசிகளிலும் துருவேற்றுகின்றது. வெள்ளவத்தைக் கடலோர வீதியாருக்கும் இதே கதிதான். நெடுநாள் நிறுத்திவைத்த வண்டிக்கு இத்தீங்கு மிகுதி.

சமதரையில் வண்டியை நிறுத்தி, முன்சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வைத்து, பின்புறத்தை ஜக்கால் உயர்த்தி உறுதியான தாங்கிகளின்மேல் அமர்த்துக. ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியிற் புகுதல் உயிருக்கு உலைவைப்பதாகும். கியரை நியூற்றலில் இட்டு, கைப்பிறேக்கை விடுவித்து, சில்லைச் சுழற்றுக. இறுகி நின்றால் நெம்புகோலை நோக்குக. அது தடையில் அமராதிருப்பின் கேபிளைக் கழற்றுக. அப்பொழுது நெம்புகோல் திரும்பினால் குற்றம் கேபிளினது, திரும்பாவிடின் கலிப்பரினது. இவ்வொரு சோதனை வீண்செலவு பலவற்றைத் தவிர்க்கும்.

உட்புறப் பாட் வெளிப்புறத்ததைவிட மிகத் தேய்ந்திருப்பின் வழுக்கூசிகளை ஐயுறுக. அவற்றைத் துடைத்துச் சிலிக்கன் கிறீஸ் பூசலாம். சாதாரண கிறீஸ் இறப்பரை உப்பச் செய்யும்.

புதிய பாட் இடுகையில் இத்தகைய பிஸ்ரனை வெறுமனே அமுக்குவோர் உள்திருகைக் கெடுப்பர். அழுத்தியவாறே, பெரும்பாலும் வலஞ்சுழியாக, திருகி உட்செலுத்தவேண்டும். பிஸ்ரன் முகத்துப் பள்ளம் பாட்டின் முளைக்கு நேராக நிற்றலும் வேண்டும். மின்விசைக் கைப்பிறேக் உள்ள வண்டியாயின், அதன் மோட்டரைப் பழுதுபார்க்கும் நிலைக்குக் கொணராது பிஸ்ரனைத் தொடற்க.

இனிக் கேபிளைத் தளர்த்தி, எஞ்சினை இயக்கி, காற்பிறேக்கைப் பலமுறை மிதிக்க. திருகு தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். அதன் பின்னரே கேபிளின் தொய்வை மட்டும் நீக்குக. நெம்புகோல் இரண்டும் தடையை விட்டு அசையலாகாது. கைப்பிடி எத்தனை சொடுக்கிற் பிடிக்கவேண்டுமென்பது வண்டியின் கையேட்டில் உளது.

மிதி கெட்டியாகும்வரை வண்டியை வீதிக்கு எடுத்தலாகாது. எண்ணெய் கசிந்தாலோ, மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தாலோ அது வீட்டுவேலையன்று. வண்டியைச் செலுத்தாது, தேர்ந்த மெக்கானிக்கை வீட்டுக்கே அழைப்பித்தல் வேண்டும்.