கை மரத்துப் போகிறதா? எந்த விரல் என்று பாருங்கள்!

போன தை மாசம் ஆலங்குளத்தில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லை. விருதுநகர் மாவட்டத்தில், அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம். அவள் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், எட்டாம் மாசம். பார்த்துவிட்டு, கையில் கொஞ்சம் பலகாரம் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு நாத்தனாரின் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சிவகாசியில் அச்சகத்தில் வேலை. போக முக்கால் மணி, வர முக்கால் மணி. இருபது வருஷமாக இதே ஓட்டம். இவள் காப்பி டம்ளரை நீட்டினாள். வாங்கினார், ஆனால் விரல் பிடிக்கவில்லை. டம்ளர் தரையில் உருண்டது.

"இது இன்னிக்கு நேத்தா மதினி? ஒரு வருஷமா இப்படித்தான். வண்டியை விட்டு எறங்கினா அரை மணி நேரத்துக்குக் கையில உசுரே இருக்காதுங்கிறாக. வாயுவா இருக்கும்னு பூண்டு வறுத்துக் கொடுத்துப் பார்த்தாச்சு" என்றாள் நாத்தனார்.

"வண்டி அதிருதும்மா, அவ்வளவுதான். கை மரத்துப் போகாம வண்டி ஓட்டுறவன் எவன் இருக்கான்?" என்று சிரித்தார் அவர்.

"எந்த விரல் அண்ணே மரத்துப் போகுது?" என்று கேட்டேன். முழித்தார். ஒரு வருஷமாகப் படுகிற கஷ்டம். எந்த விரல் என்று அவரும் பார்க்கவில்லை, வேறு யாரும் கேட்கவும் இல்லை. என் கை வலிக்காக ஆஸ்பத்திரிக்கு நடந்த நடையில் நான் கற்றுக்கொண்ட கேள்வி அது. சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் தினம் வண்டி ஓட்டுகிறவர் இருந்தால் முதலில் இதைக் கேளுங்கள்.

விரல் சொல்லும் விஷயம்

கைக்கு உணர்ச்சி கொடுப்பவை நரம்புகள். உள்ளங்கைப் பக்கம் பெரும்பாலும் இரண்டு நரம்புகளின் ராஜ்யம்தான்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி: இவை மரத்தால் மணிக்கட்டின் நடுவே போகிற நரம்பு நசுங்குகிறது என்று சந்தேகப்படலாம். மணிக்கட்டில் ஒரு குறுகிய பாதை உண்டு. அதற்குள் ஒன்பது தசைநார்களோடு அந்த நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. மணிக்கட்டை மேலேயோ கீழேயோ வளைத்து வைத்தால் பாதை இன்னும் குறுகிவிடும்.

சுண்டுவிரலும் மோதிர விரலின் மறு பாதியும் மரத்தால் அது வேறு நரம்பு. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து மேட்டை ஹேண்டிலில் ஊன்றி அழுத்துவதாலும், முழங்கையை வெகு நேரம் மடக்கி வைப்பதாலும் அது பாதிக்கப்படும்.

விரல் நுனிகள் குளிரில் வெளுத்து மரத்தால், அதிர்வு ரத்தக் குழாய்களையும் தொட்டிருக்கலாம்.

இரண்டு கையோடு இரண்டு காலும் மரத்தால், வண்டியை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். இதற்குப் பிறகு வருகிறேன்.

சுண்ணாம்புக்கல் சொன்ன பாடம்

அதிர்வினால் கை கெடும் என்பதைத் தொழிலாளர்களிடம் நேரில் போய் ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஒரு பெண் டாக்டர்; அமெரிக்காவின் ஆலிஸ் ஹாமில்டன். 1918-இல் இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபோர்டு என்ற ஊரின் சுண்ணாம்புக்கல் சுரங்கப் பகுதிக்குப் போனார். ஆலங்குளத்து மண்ணிலும் சுண்ணாம்புக்கல்தானே விசேஷம்! அங்கே காற்றழுத்தச் சுத்தியலால் கல் செதுக்குகிறவர்களுக்குக் குளிர் காலக் காலையில் விரல்கள் வெள்ளை வெளேரென்று மாறி உணர்ச்சியற்றுப் போயின. அவர் சொன்ன காரணங்கள் மூன்று: கருவியின் அதிர்வு, விடாத இறுக்கப் பிடி, குளிர். மறு வருஷம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்த முதல் பெண்மணியும் அவரே.

பின்னாளில் ஜப்பானில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோகிறவர்களிடமும் போக்குவரத்துப் போலீஸ்காரர்களிடமும் விரல் மரத்துப் போகும் உபாதையை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். ஆகவே இது வெறும் அலுப்பில்லை. வருஷக்கணக்கில் தினமும் ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய காரியம்.

வண்டியில் என்ன நடக்கிறது?

நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் ஒரே சிலிண்டர். என்ஜின் நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்று சுற்றினால், விநாடிக்கு எண்பது தடவைக்கு மேல் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. அந்த நடுக்கம் சட்டம் வழியாக ஹேண்டிலுக்கும், அங்கிருந்து கைக்கும் வருகிறது. போதாததற்குச் சாலை! கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அதன் மேல் போட்ட ரோடு அலை அலையாகத்தான் கிடக்கும்.

பிடியை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு அதிர்வு கைக்குள் ஏறும். குழி வருகிறதே என்று இன்னும் இறுக்குகிறோம். அதனால் இன்னும் மரக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணனை மெக்கானிக்கிடம் அனுப்பினோம். பார்க்கச் சொன்னவை இவை:

1. டயர் காற்று: சங்கிலி மூடியிலோ அதன் அருகிலோ ஒட்டியிருக்கும் அளவுதான் சரி. 'இருக்கட்டும்' என்று கல் மாதிரி அடித்தால் ஒவ்வொரு குழியும் கையில் இடிக்கும்.

2. என்ஜினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கிறதா? சங்கிலி தொய்ந்திருக்கிறதா? சக்கரம் நெளிந்திருக்கிறதா? ஹேண்டில் கழுத்திலுள்ள கோன் செட் தேய்ந்திருக்கிறதா?

3. கிளட்ச் கேபிள்: எண்ணெய் இல்லாமல் காய்ந்திருந்தால் ஒவ்வொரு கியருக்கும் இடது கை பிழிந்து எடுக்கும்.

4. பிரேக், கிளட்ச் பிடிகளின் கோணம்: உட்கார்ந்து விரலை நீட்டினால் முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். பிடி மேலே தூக்கி இருந்தால் மணிக்கட்டு ஒடிந்த மாதிரி நிற்கும். ஒரு ஸ்பானரில் சரியாகிற விஷயம், செலவே இல்லை.

5. ஹேண்டில் ரப்பர் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டால் மாற்றுங்கள். மெத்தென்ற ரப்பர் நல்லது. ஆனால் ரொம்பத் தடியாக இருந்தால் பிடிக்கவே கை வலிக்கும். ஹேண்டிலின் இரண்டு முனையிலும் கனமான இரும்புக் குண்டு மாட்டினாலும் நடுக்கம் குறையும்.

ஓட்டுகிறவருக்கு

ஹேண்டிலைக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கச் சொல்லுங்கள். நழுவவும் கூடாது, நசுக்கவும் கூடாது. உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்கக் கூடாது. முழங்கால்களால் டாங்கியை லேசாக அணைத்து, முதுகை நிமிர்த்தி, முழங்கையைக் கொஞ்சம் தளர்த்தி உட்கார வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை டீக்கடை ஓரத்தில் வண்டியை நிறுத்தி, கையைத் தொங்கவிட்டு உதறி, விரல்களை மூடி மூடித் திறக்கட்டும். ஓட்டத்திலேயே ஹேண்டிலை விட்டுக் கையை உதறுவது வேண்டவே வேண்டாம்! கைக்கடிகார வாரும் தளர்வாக இருக்கட்டும்.

இதில் பின்னால் உட்காருகிற நமக்கும் பங்கு உண்டு. பிரேக் போடும்போது நாம் முன்னால் சாய்ந்தால் அந்தக் கனம் முழுவதும் ஓட்டுகிறவரின் மணிக்கட்டில் போய் இறங்குகிறது. பின்புறக் கம்பியைப் பிடித்து நேராக உட்காருங்கள். குழந்தையை டாங்கி மேல் உட்கார வைப்பது குழந்தைக்கு ஆபத்து. ஓட்டுகிறவரும் இரண்டு கையையும் விறைப்பாக விரித்துப் பிடிக்க வேண்டியிருக்கும். ஹேண்டிலில் மளிகைப் பையை மாட்டுவதும் கூடாது.

செருப்பு சொன்ன சேதி

பதினைந்து நாள் கழித்து நாத்தனார் போன் பண்ணினாள். "மதினி, வண்டி அதிர்ச்சி நல்லா குறைஞ்சிருச்சு. கையும் பாதி தேவலைங்கிறாக. ஆனா ஒண்ணு. வாசல்ல வரும்போது கால்ல இருந்த செருப்பு கழண்டு விழுந்திருச்சு. அதுகூடத் தெரியாம நடந்து வர்றாக!"

எனக்குச் சுருக்கென்றது. செருப்பு கழன்றதே தெரியவில்லை என்றால் காலிலும் உணர்ச்சி குறைகிறது. வண்டி அதிர்வு காலை அப்படிச் செய்யாது. "நாளைக்கே சர்க்கரை பார்க்கச் சொல்லு" என்றேன். பார்த்தார்கள். வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டாலே நீரிழிவு என்பார்கள். அவருக்கு 200-ஐத் தாண்டி இருந்தது. ஒரு வருஷமாகப் பழியை வண்டி சுமந்திருக்கிறது. சர்க்கரை உள்ளே சத்தமில்லாமல் வேலை பார்த்திருக்கிறது. சர்க்கரையால் நலிந்த நரம்பு, அதிர்வுக்கும் அழுத்தத்திற்கும் சீக்கிரம் தோற்றுப்போகும். அதனால் இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, கழுத்தெலும்புத் தேய்மானம் இவற்றாலும் மரப்பு வரும். உடம்பில் வெளிறிய தேமல் இருந்து அந்த இடத்தில் உணர்ச்சியே இல்லை என்றால் தொழுநோய்க்கும் சோதிக்க வேண்டும். பயப்பட வேண்டாம், மருந்தில் முழுக்கக் குணமாகும், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

எப்போது டாக்டரிடம் போவது?

வண்டியை விட்டு இறங்கிச் சில நிமிஷத்தில் சரியாகிவிட்டால் மேலே சொன்னவற்றைச் செய்து பாருங்கள். ஆனால் மரப்பு மணிக்கணக்கில் நின்றால், ராத்திரி தூக்கத்தை எழுப்பினால், சட்டைப் பொத்தான் போட முடியாவிட்டால், பாத்திரம் கை நழுவினால், கட்டைவிரல் அடிச்சதை வற்றினால் தாமதிக்காதீர்கள். வற்றிய சதை திரும்புவது கஷ்டம். கையில் எவ்வளவு வேகமாகச் செய்தி ஓடுகிறது என்று பார்க்கிற நரம்புச் சோதனை உண்டு. ஆரம்பம் என்றால் பட்டையும் ஓய்வுமே போதும்; முற்றினால் சின்ன ஆபரேஷன்.

திடீரென ஒரு பக்கக் கை மரத்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

மரத்த கைக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். சூடு தெரியாமல் வெந்துவிடும். உங்கள் முழங்கையை விட்டுச் சூடு பார்த்த பிறகே கொடுங்கள். மருந்துக் கடையில் நரம்புச் சத்து மாத்திரையை நீங்களாக வாங்கி மாசக்கணக்கில் விழுங்காதீர்கள். வைட்டமின் பி6 அளவு மீறினால் அதுவே விரல்களை மரக்கச் செய்யும்!

மகளின் கை

ஆலங்குளத்தில் அன்று ராத்திரி இன்னொன்றும் நடந்தது. இரண்டு மணிக்கு விழிப்பு வந்து பார்த்தால், மகள் உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருந்தாள். "தெனமும் இப்படித்தான் அத்தை. அப்பாவாச்சும் வண்டி ஓட்டுறாங்க, எனக்கு ஏன்?" என்றாள்.

கர்ப்பத்தின் கடைசி மாசங்களில் உடம்பில் நீர் கோக்கும். மணிக்கட்டுப் பாதை இன்னும் குறுகும். பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தானாகச் சரியாகும். அதுவரை ராத்திரியில் தகடு வைத்த மணிக்கட்டுப் பட்டை கட்டி, மணிக்கட்டை நேராக வைத்துத் தூங்கினால் போதும். வளைகாப்பு வளையல் இறுகினால் சாஸ்திரம் பார்க்காமல் கழற்றிவிடுங்கள். குழந்தை பிறந்த பின் பால் கொடுக்கும்போது மடியில் தலையணை வையுங்கள். பாரத்தை மணிக்கட்டு தாங்க வேண்டாம். முகமும் கையும் திடீரென வீங்கி, தலைவலி, கண் மங்கல் வந்தால் மட்டும் அது வேறு விஷயம். ரத்த அழுத்தமாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை: இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே நோக்க, ஒரு நிமிஷம் வையுங்கள். கட்டைவிரல் பக்கத்து விரல்கள் மரத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதை மகளுக்குச் செய்து காட்டும்போது, பக்கத்தில் நாத்தனாரும் சும்மா விளையாட்டாகச் செய்தாள். அரை நிமிஷத்தில் கையைப் பிரித்தாள். "எனக்குந்தான் மதினி, மாவு பிசையும்போது மரக்குது. யாருகிட்டச் சொல்றதுன்னு இருந்தேன்."

வீட்டுக்காரர் கையைப் பார்த்தாச்சு. மகள் கையையும் பார்த்தாச்சு. சகோதரி, இப்போது உங்கள் கையையும் ஒரு நிமிஷம் பாருங்களேன்!