கண்ணாடித் தொட்டியில் ஆற்றுத் திருக்கை

"விரலுக்குத் தக்க வீக்கம்" என்று நம் பெரியோர் சொல்வார்கள். மீன் வளர்ப்போர் அதைத் "தொட்டிக்குத் தக்க மீன்" என்று மாற்றி வைத்துக்கொள்ளலாம். இந்தப் பாடத்தை நாங்கள் ஏட்டில் படிக்கவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில், ஒரு சிறு உயிரை இழந்து கற்றுக்கொண்டோம். அதைத் தோழியருக்கும் சொல்ல விரும்புகிறோம்.

எங்கள் அம்பத்தூருக்குக் கொளத்தூர் அதிகத் தொலைவில்லை. அங்கு வண்ணமீன் கடைகள் வரிசையாக இருப்பதை நம்மில் பலர் அறிவோம். சென்ற ஆண்டு விடுமுறையில் அண்ணனும் தங்கையுமாகிய நாங்கள் கப்பி, மோலி, தங்கமீன் என்று பார்த்துக்கொண்டே சென்றபோது, ஒரு தொட்டியின் முன் நின்றுவிட்டோம். மணலின் மேல் சிறு தோசைபோல ஒரு மீன்! பழுப்பு உடலெங்கும் மஞ்சள் வட்டங்கள். விளிம்பை அலையலையாக அசைத்து அது நீந்திய அழகை என்னவென்று சொல்வது! சேமிப்புப் பணம் முழுவதையும் கொடுத்து அதை வாங்கி வந்தோம். பாட்டியோ, "திருக்கையைக் குழம்பு வைப்பார்கள், வளர்க்கவா செய்வார்கள்?" என்று சிரித்தார்.

காசிமேட்டில் விற்கும் திருக்கை கடல் மீன். ஆனால் தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோக்கோ, பரானா முதலிய ஆறுகளில், வாழ்நாள் முழுவதும் நன்னீரிலேயே வாழும் திருக்கைகள் உண்டு. நாங்கள் வாங்கிய 'மோட்டோரோ' அவற்றுள் ஒன்று. இவை சுறாவுக்கு உறவு. உடலில் எலும்பு இல்லை, குருத்தெலும்பே உண்டு. வாயும் செவுள்களும் அடிப்பக்கத்தில் இருப்பதால், மணலில் புதைந்திருக்கும்போது கண்களுக்குப் பின்னுள்ள இரு துளைகளின் வழியாக நீரை இழுத்துச் சுவாசிக்கின்றன. மணலுக்குள் ஒளிந்திருக்கும் புழுவின் உடலிலிருந்து வரும் மிக மெல்லிய மின்சாரத்தையும் உணர்கின்றன. முட்டையிடாமல் குட்டி போடுகின்றன. தாயின் வயிற்றுக்குள்ளேயே குட்டிகளுக்குப் பால் போன்றதொரு திரவம் ஊட்டப்படுகிறது என்பது எத்துணை வியப்பு!

எங்கள் தொட்டி மூன்றடி நீளம், ஓரடி அகலம். தண்ணீர் நிரப்பிய மறுநாளே மீனை அதில் விட்டோம். முதல் வாரம் இறால் துண்டுகளை ஆவலுடன் தின்றது. பத்தாம் நாள் உணவைத் தொடவில்லை. உடலின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டன. பன்னிரண்டாம் நாள் காலையில் அசைவின்றிக் கிடந்தது. மாமரத்தடியில் அதைப் புதைத்தபோது எங்களால் ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை.

காரணத்தை எங்கள் அறிவியல் ஆசிரியை விளக்கினார். திருக்கை நிறையத் தின்னும். அதன் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் நீரில் சேரும். வடிகட்டியில் வளரும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்கள் பெருகச் சாதாரணமாக 4 முதல் 6 வாரம் ஆகும். நாங்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை! கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீரிலும் நஞ்சு இருக்கலாம். அதைச் சோதிக்கும் மருந்துப் புட்டி மீன் கடைகளிலேயே கிடைக்கிறது.

அத்துடன் தொட்டியும் போதாது. மோட்டோரோ வளர்ந்தால் அதன் தட்டு உடலே ஒன்றரை அடி அகலம் ஆகும். ஓரடி அகலத் தொட்டியில் அது திரும்புவது எப்படி? ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி உயரமுள்ள தொட்டி என்றால் 36 கன அடி. ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 28 லிட்டர் வீதம் 1,000 லிட்டருக்கு மேல், அதாவது ஒரு டன்னுக்கு மேல் எடை! மாடி வீட்டில் வைக்குமுன் பொறியாளரைக் கேட்பது நலம். அடியில் நுண்மணல் வேண்டும். கூர்மையான கற்கள் கூடாது. குழாய் நீரிலுள்ள குளோரினை நீக்கிய பின்பே ஊற்றவேண்டும். செம்பு கலந்த மீன் மருந்துகள் இதற்கு ஆகா. வெப்பம் 24 முதல் 28 டிகிரிக்குள் இருப்பது நல்லது. நம் கோடையில் நீர் சூடேறினால் அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறையும். அவ்வேளையில் மின்சாரமும் நின்றால் ஆபத்து. ஆகவே பாட்டரியில் ஓடும் காற்றுக்கருவி ஒன்று வேண்டும்.

வாலிலுள்ள முள்ளையும் மறக்கக்கூடாது. அது இரம்பம் போன்ற விளிம்பும் நஞ்சும் உடையது; விழுந்தாலும் புதிதாய் முளைக்கும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூடுள்ள நீரில் காயத்தை அமிழ்த்தி, உடனே மருத்துவமனை செல்லவேண்டும். சிறு குழந்தைகள் கைவிடும் இடத்தில் இத்தொட்டி இருக்கலாகாது.

"வளர்க்க முடியாவிட்டால் ஏரியில் விட்டுவிடலாமே" என்று சிலர் நினைக்கலாம். அது பெருந்தவறு. சிங்கப்பூரின் அப்பர் செலேத்தார் நீர்த்தேக்கத்தில் யாரோ விட்ட மோட்டோரோ திருக்கைகள் அங்கேயே இனம் பெருக்கியுள்ளன. 'டேங்க் கிளீனர்' என்று நாம் வாங்கும் மீன் தமிழ்நாட்டு ஏரிகளில் பரவி, நம் நாட்டு மீன்களுக்கு இடையூறாக இருக்கிறது. அம்பத்தூர் ஏரியையும் செம்பரம்பாக்கம் ஏரியையும் நாம் காக்க வேண்டாமா?

சட்டமும் இதில் உண்டு. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய சைட்டீஸ் மாநாடு, ஏழு வகை ஆற்றுத் திருக்கைகளின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டில் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் திருத்தப்பட்டு, சைட்டீஸ் பட்டியலின்படி அட்டவணையில் சேர்க்கப்பட்ட உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வழி செய்யப்பட்டது. ஆகவே வாங்குமுன் மீனின் வகையைக் கேட்டு, ரசீதும் பெறவேண்டும்.

இன்று எங்கள் மூன்றடித் தொட்டியில் கப்பி மீன்கள் மகிழ்வுடன் திரிகின்றன. அவற்றை விடுமுன் ஆறு வாரம் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். பாட்டிதான் இப்போது நாள்தோறும் தீனி போடுகிறார். அன்புத் தோழியரே! ஓர் உயிரை வீட்டுக்கு அழைக்குமுன், அதற்கு வேண்டிய இடத்தை முதலில் ஆயத்தம் செய்வோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி