அம்புலியை அழைத்த இரண்டு புலவர்கள்

நிலாவைக் காட்டிக் குழந்தைக்குச் சோறு ஊட்டாத தாய் உண்டா? ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சரி, பக்கத்து ஊரான ராஜபாளையத்திலும் சரி, இந்துத் தாயும் அப்படித்தான் ஊட்டுகிறாள். முஸ்லிம் தாயும் அப்படித்தான் ஊட்டுகிறாள்.

ஆனால் குழந்தைகள் வளர்ந்ததும் என்ன ஆகிறது?

"அவர்கள் வேறு, நாம் வேறு" என்ற பேச்சு காதில் விழுகிறது. முஸ்லிம் பெயரைக் கேட்டதுமே, "வீடு வாடகைக்கு இல்லை" என்று கதவைச் சாத்துகிறவர்களும் இருக்கிறார்கள். பழகிப் பார்க்காமலே ஒருவரைத் தீயவர் என்று முடிவு கட்டுவதற்குத் தப்பெண்ணம் என்று பெயர்.

இந்த நோய்க்கு மருந்து உண்டா? உண்டு. அது பள்ளிக்கூடத்தில் இருக்கிறது!

பெரியாழ்வார் கட்டிய தொட்டில்

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்தவர் பெரியாழ்வார். ஆண்டாளை வளர்த்த தந்தை. சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன், கண்ணனைக் குழந்தையாக எண்ணிப் பாடினார். தாலாட்டினார். கை கொட்டச் சொன்னார். குழந்தையோடு விளையாட வரும்படி அம்புலியை, அதாவது நிலாவை அழைத்தார்.

அவர் காட்டிய வழியில்தான் பிள்ளைத்தமிழ் என்ற நூல் வகை வளர்ந்தது.

19-ம் நூற்றாண்டில் செய்யிது அனபிய்யா என்ற முஸ்லிம் புலவர் 'நபிகள் நாயகம் பிள்ளைத்தமிழ்' பாடினார். நபிகள் நாயகத்தைக் குழந்தையாக எண்ணிப் பாடிய நூல் அது. அதிலும் தாலாட்டு உண்டு. அதிலும் அம்புலியை அழைப்பது உண்டு.

மதம் வேறு. தொட்டில் ஒன்று!

குரு இந்து, சீடர் முஸ்லிம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தென்கிழக்கே இருக்கிறது எட்டயபுரம். அங்கே அரண்மனைப் புலவராக இருந்தவர் கடிகைமுத்துப் புலவர். அவர் இந்து. அவரிடம் தமிழ் கற்றவர் உமறுப் புலவர். 'உன் மதம் என்ன?' என்று கேட்டுக் குரு கதவை அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சொல்லும் சீறாப்புராணம் தமிழுக்குக் கிடைத்திருக்குமா?

சீறாப்புராணத்தில் 5,000 பாடல்களுக்கு மேல் உள்ளன. பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகங்களிலும் அதன் பாடல்கள் இடம் பெற்றிருக்கின்றன.

மனப்பாடம் போதுமா?

போதாது. மார்க்குக்காகப் படித்த பாட்டு, பரீட்சை முடிந்ததும் மறந்து போகும். பாட்டோடு பழக்கமும் வேண்டும்.

அமெரிக்க அறிஞர் கார்டன் ஆல்போர்ட் 1954-ல் தப்பெண்ணத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வெவ்வேறு பிரிவினர் சும்மா அருகருகே இருந்தால் போதாது. சமமாக அமர்ந்து, ஒரே வேலையைச் சேர்ந்து செய்ய வேண்டும். அப்போதுதான் வெறுப்புக் குறையும் என்றார்.

1971-ல் அதே நாட்டில், ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் எலியட் ஆரன்சன் என்ற பேராசிரியர் இதைச் செய்து பார்த்தார். வெள்ளை, கறுப்பு இனக் குழந்தைகளைச் சிறு குழுக்களாகக் கலந்து உட்கார வைத்தார். ஒரு பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். ஒருவர் சொல்லித் தராவிட்டால் மற்றவருக்குப் பாடம் முழுதாகக் கிடைக்காது. கேலி செய்த பிள்ளைகளே காது கொடுத்துக் கேட்டார்கள். வெறுப்புக் குறைந்தது.

இங்கே செய்தால் என்ன?

ராஜபாளையத்து வகுப்பு ஒன்றிலும் இப்படிச் செய்யலாம். ஒரு பையனுக்குப் பெரியாழ்வார் பாட்டு. இன்னொருவனுக்கு நபிகள் நாயகம் பிள்ளைத்தமிழ். மூன்றாமவனுக்கு உமறுப் புலவர் வரலாறு. முஸ்லிம் பையன் ஆழ்வாரைப் பற்றிச் சொல்லட்டும். இந்துப் பையன் உமறுவைப் பற்றிச் சொல்லட்டும்.

பெற்றோருக்கும் இதில் வேலை உண்டு. பள்ளியில் கற்றதை வீட்டில் ஒரு சுடுசொல் அழித்துவிடும். "உன் பக்கத்தில் உட்காரும் சிநேகிதனை வீட்டுக்கு அழைத்து வா" என்று பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். அவன் வந்தால் ஒரே பாயில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள்.

இரண்டு புலவர்கள் அழைத்ததும் ஒரே நிலாவைத்தானே!