தீபாவளிக்குப் போன பையன் ஏன் திரும்பி வரவில்லை?

"லீவும் கொடுத்து, உடுப்பும் கொடுத்து, கையில் காசும் கொடுத்துத்தான் தீபாவளிக்கு அனுப்பினோம். போனவன் போனவன்தான். இப்போது போனும் வேலை செய்யவில்லை."

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவிலும் கெய்சர் வீதியிலும் கடை நடத்தும் நமது வியாபாரிகளிடம் ஒவ்வொரு வருடமும் கேட்கக் கிடைக்கும் முறைப்பாடு இது. இரத்தினபுரி, மாவனல்லை, அவிசாவளை கடைவீதிகளிலும் இதே கதைதான். ஆறு மாதம் பழக்கி, சரக்கின் பெயரும் விலையும் மனதில் பதிந்து, வாடிக்கையாளரின் முகம் அடையாளம் தெரிந்து, இனிக் கடையை நம்பி விட்டுவிட்டுத் தொழுகைக்குப் போகலாம் என்ற நிலை வரும்போது பையன் இல்லை. மறுபடியும் புதிய பையன், மறுபடியும் முதலிலிருந்து பாடம்.

"தோட்டத்துப் பையன்களுக்கு நிலையில்லை" என்று சொல்லி நாம் விடயத்தை முடித்துவிடுகிறோம். குறை முழுவதும் அவனிடம்தானா? வியாபாரி எதையும் கணக்குப் பார்த்துத்தான் முடிவு செய்வான். இதையும் கணக்குப் பார்ப்போம்.

எங்கிருந்து வருகிறான்?

சப்ரகமுவ மாகாணத்தின் தோட்டங்கள் நுவரெலியாவின் தோட்டங்களைப் போன்றவை அல்ல. கேகாலை மாவட்டத்தில் எட்டியாந்தோட்டை, தெரணியகல, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய பகுதிகளில் இறப்பரும் தேயிலையும் கலந்திருக்கின்றன. இரத்தினபுரி மாவட்டத்தில் பலாங்கொடை, இறக்குவானை, கஹவத்தை, நிவித்திகலை எனத் தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். எனவே இங்கு வளரும் பிள்ளை தமிழோடு சிங்களத்தையும் சரளமாகப் பேசுவான். கொழும்பில் கடை வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய தகைமை வேறென்ன வேண்டும்?

புதிய வாழ்க்கை தேடிப் புறப்படுவது இந்த மக்களுக்குப் புதிதல்ல. 1977 இலும் 1981 இலும் நடந்த வன்செயல்களின்போது இரத்தினபுரி மாவட்டத் தோட்டக் குடும்பங்கள் பல அடித்து விரட்டப்பட்டன. வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள் அவர்களில் உண்டு. ஆனால் அன்று போனவர்கள் குடும்பமாகப் போனார்கள். இன்று போகிறவன் தனியாகப் போகிறான். பதினெட்டு, பத்தொன்பது வயதில், ஒரு பயணப் பையுடன் பஸ் ஏறி, பஸ்டியன் மாவத்தையில் வந்து இறங்குகிறான். இந்த நகரத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரே முகவரி உங்கள் கடைதான்.

தனியாகப் போய்ப் பிழைப்பது என்றால் என்னவென்று நமது சமூகத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. காத்தான்குடியிலிருந்து புறப்பட்டு, பாஷை தெரியாத சிங்கள ஊர்களில் துணிக்கடை போட்டவர்கள் நம்மில் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, கையில் சில நூறு ரூபாக்களுடன் வந்து, புத்தளத்திலும் புறக்கோட்டையிலும் நடைபாதையில் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். அந்த நாட்களில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பாயும் கொடுத்தவரை அவர்கள் இன்னும் மறக்கவில்லை.

கூலிக்காக மட்டும் வரவில்லை

"தோட்டத்தில் சம்பளம் போதாது, அதனால் வருகிறான்" என்பது பாதி உண்மை. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காகப் பல வருடங்கள் போராடி, 2021 இல்தான் அது கிடைத்தது. 2024 இல் அது 1,350 ரூபாவாகியது. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் 1,750 ரூபாவாக்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. 1,350 ரூபா வீதம் 25 நாள் வேலை கிடைத்தாலே 33,750 ரூபா வருகிறது. 2026 ஜனவரி முதல் நாட்டின் ஆகக் குறைந்த மாதச் சம்பளமாகச் சட்டம் வைத்திருப்பது 30,000 ரூபா. ஆகவே கடைக்கு வருகிறவனுக்குக் கையில் கிடைப்பது கூடுதலாக இருக்க வேண்டும் என்றில்லை.

25 நாள் வேலை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை என்பது வேறு விடயம். மழை பெய்தால் இறப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. சப்ரகமுவையில் மழைக்குப் பஞ்சமும் இல்லை. போதாக்குறைக்கு 2019 முதல் இலை உதிரும் நோய் ஒன்றும் இறப்பர் மரங்களைப் பிடித்திருக்கிறது. மண்சரிவு அச்சம் இன்னொரு பக்கம். 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்த அதே நாட்களில், புளத்கொஹுபிட்டியவில் களுப்பஹன தோட்டத்தின் லயன் குடியிருப்பும் மண்ணுக்குள் போனது.

எனினும் இளைஞர்கள் புறப்படுவதற்கு இவற்றைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. தோட்டத்தில் தாத்தா காலத்து வேலைதான் அப்பாவுக்கு, அப்பாவின் வேலைதான் மகனுக்கு. காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் பதிய வேண்டும். வீடு தோட்டத்துடையது, வேலையோடு கட்டப்பட்டது. கடிதம் வந்தால்கூடத் தோட்டக் காரியாலயத்துக்கு வந்துதான் கைக்குக் கிடைக்கும். இந்த வட்டத்தை விட்டு வெளியே வந்து, தன் பெயரில் ஒரு தொழில், தன் பெயரில் ஒரு முகவரி வேண்டும் என்றுதான் அவன் வருகிறான்.

கடைக்குள் ஒரு லயம்

இப்போது நமது கடைகளைப் பார்ப்போம். கடையின் மேல்தட்டில் சரக்கு மூட்டைகளுக்கு நடுவே பாய். வேலை போனால் படுக்க இடமும் போகும். சம்பளம் முழுவதும் கையில் கொடுப்பதில்லை. "செலவழித்துவிடுவான், நானே சேர்த்து வைக்கிறேன்" என்று முதலாளி வைத்திருப்பார். அவசரத்துக்கு வாங்கிய அட்வான்ஸ் ஒரு கொப்பியில் ஏறும். அந்தக் கொப்பியைப் பையன் பார்த்ததில்லை. சில இடங்களில் அடையாள அட்டையும் முதலாளியின் லாச்சியில்தான் இருக்கும்.

இவற்றில் பலவற்றை நாம் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பிள்ளையைப் போல் பார்க்கிறோம் என்றே நினைக்கிறோம். ஆனால் அவன் எதை விட்டு வந்தானோ, அதையே அவனுக்கு மீண்டும் கொடுக்கிறோம் என்பதை நாம் கவனிப்பதில்லை.

தோட்ட வரலாற்றில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவன் பேரில் இவ்வளவு கடன் நிற்கிறது என்று எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் அவன் போகலாம். கடனும் அவனோடு கூடவே போகும். ஆங்கிலேயர் ஆட்சியிலேயே, 1921 இல், இந்த முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. லாச்சியில் கிடக்கும் அடையாள அட்டைக்கும் பையன் பார்க்காத அட்வான்ஸ் கொப்பிக்கும் அந்தத் துண்டுச் சீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதை ஒவ்வொருவரும் தமது மனச்சாட்சியிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

தீபாவளிதான் அவன் கையில் காசோடு கடையை விட்டு வெளியே போகும் ஒரே சந்தர்ப்பம். அதனால்தான் அன்று போகிறவன் திரும்பி வருவதில்லை.

சட்டமும் கணக்கும்

"சின்னக் கடைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஓர் ஊழியர் இருந்தாலும் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் பொருந்தும். 1958 ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி ஊழியரின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். 1980 ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம் செலுத்த வேண்டும்.

30,000 ரூபா சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். முதலாளி மேலதிகமாகப் போடுவது சேமலாப நிதிக்கு 3,600 ரூபா, நம்பிக்கை நிதிக்கு 900 ரூபா. மொத்தம் மாதம் 4,500 ரூபா. பையனின் பங்கு 2,400 ரூபா. சேமலாப நிதியில் மட்டும் மாதம் 6,000 ரூபா அவன் பேரில் ஏறுகிறது. ஐந்து வருடத்தில் அது வட்டி இல்லாமலே 360,000 ரூபா. பத்து வருட அங்கத்துவமும் 300,000 ரூபா மீதியும் இருந்தால், வீடு, காணி போன்ற தேவைகளுக்கு அதில் 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். பரம்பரையாகச் சொந்தக் காணி இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பணத்தைப் பிந்திக் கட்டினால் தாமதத்தைப் பொறுத்து 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் விழும். வருடக்கணக்கில் கட்டாமல் விட்டு, பையன் விலகிப் போய்த் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்த பிறகு ஒரே தடவையில் கட்டுவதைவிட, மாதம் 4,500 ரூபா இலகுவானது. "சாப்பாடு கொடுக்கிறோமே" என்பதும் பதிலாகாது. கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதியையும் சேர்த்தே சேமலாப நிதிக்கான உழைப்பைச் சட்டம் கணக்கிடுகிறது.

1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்கிறது. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறையும் உண்டு. 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களில், ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்குப் பணிக்கொடை கொடுக்க வேண்டும் என்பது 1983 ஆம் ஆண்டின் சட்டம்.

ஒரு விடயத்தில் மட்டும் எந்தச் சாட்டும் செல்லாது. வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயது 2021 முதல் 16 ஆகும். வயது குறைந்த பிள்ளையைக் கூட்டிவந்து "வறுமைக்கு உதவுகிறோம்" என்று சொல்வது உதவியல்ல, குற்றம். 16 நிரம்பினாலும் 18 வயது வரை ஆபத்தான வேலைகளில் அமர்த்த முடியாது. பிறப்புச் சான்றிதழைப் பார்க்காமல் யாரையும் சேர்க்காதீர்கள்.

கூலி விடயத்தில் மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை ஜும்ஆ பிரசங்கங்களில் வேண்டிய மட்டும் கேட்டிருக்கிறோம். அதை இங்கு திரும்ப எழுதவில்லை.

முதல் மூன்று மாதம்

தனியாக வந்தவன் நிற்பானா, போவானா என்பது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் தீர்மானமாகிவிடும். அதற்கு வேண்டியவை பெரிய செலவுகள் அல்ல.

முதலாவது, ஆவணம். தோட்டத்துப் பிள்ளைகள் பலரின் பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத்து ஒன்று, அடையாள அட்டையில் வேறொன்று. ஒரு நாள் லீவு கொடுத்து, பிரதேச செயலகத்துக்கு அனுப்பித் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அடையாள அட்டை எப்போதும் அவனிடமே இருக்கட்டும். 2007 ஜூன் மாதம் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டதும், உயர் நீதிமன்றம் தலையிட்டு அதைத் தடுத்ததும் நினைவிருக்கும். தலைநகரில் தனியாக இருப்பவனுக்கு அட்டைதான் துணை.

இரண்டாவது, வங்கிக் கணக்கு. வேலையையும் முகவரியையும் உறுதி செய்து நீங்கள் எழுதிக் கொடுக்கும் ஒரு கடிதம் வங்கியில் அவன் வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும். சம்பளத்தை அதில் போடுங்கள். அட்வான்ஸ் கொப்பியில் ஒவ்வொரு வரிக்கும் அவன் கையெழுத்து இருக்கட்டும். நாளை தகராறு வந்தால் அது உங்களையும் காப்பாற்றும்.

மூன்றாவது, படுக்கும் இடம். கடைக்குள் படுக்க வைத்து வெளியே பூட்டும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். மின் ஒழுக்கால் ஒரு தீப்பொறி போதும். மூன்று நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்தால் தலைக்கு விழும் செலவு சிறியது.

நான்காவது, தொழில். இரண்டு வருடம் கழித்தும் மூட்டை தூக்கவும் தேநீர் வாங்கவும் மட்டும்தான் என்றால் எவனும் நிற்கமாட்டான். பில் போட, ஸ்டொக் எடுக்க, காசோலையின் திகதி பார்க்க, வெளியூர் ஓடர் எழுத, படிப்படியாகப் பழக்குங்கள்.

"எல்லாம் பழக்கினால் போட்டிக்குக் கடை போட்டுவிடுவானே?"

போடட்டும். எங்கே போடுவான்? புறக்கோட்டையில் கடை பிடிக்க அவனிடம் முதல் இல்லை. தெரணியகலயிலோ இறக்குவானையிலோ ஒரு சிறிய கடை போடுவான். சரக்கு வாங்க யாரிடம் வருவான்? தன்னை நம்பி ஒரு மாதக் காசோலைக்குச் சரக்குக் கொடுக்கக் கூடியவர் இந்த நகரத்தில் அவனுக்கு ஒருவர்தான். மொத்த வியாபாரிக்கு ஊருக்கு ஒரு நம்பிக்கையான வாடிக்கையாளர் கிடைப்பது சாதாரண விடயமா? முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது, இலாபம் பேசியபடி என்ற முழாரபா முறையும் நமக்குத் தெரியாததல்ல. ஆறேழு வருடம் கூட இருந்து, கணக்கில் கை சுத்தம் என்று கண்டவனை விடப் பொருத்தமான பங்காளியை எங்கே தேடப் போகிறோம்?

போட்டி இப்போது வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அவிசாவளை சீதாவக்கை கைத்தொழில் பேட்டையிலும் கட்டுநாயக்கவிலும் தொழிற்சாலைகள் ஆள் தேடுகின்றன. சம்பளச் சீட்டு, சேமலாப நிதி இலக்கம், மேலதிக நேரக் கொடுப்பனவு எல்லாம் எழுத்தில் கிடைக்கின்றன. வளைகுடா நாடுகளின் வாசலும் திறந்தே இருக்கிறது. தோட்டங்களிலிருந்து வரும் இளைஞனுக்கு முன்பு ஒரு கதவுதான் இருந்தது. இப்போது பல கதவுகள்.

ஆகவே அடுத்த பையனைச் சேர்க்கும் முன் மூன்று காரியங்களைச் செய்துவிடுங்கள். கடையைத் தொழில் திணைக்களத்தில் பதிவு செய்யுங்கள். லாச்சியில் இருக்கும் அடையாள அட்டைகளை உரியவர்களிடம் கொடுங்கள். அட்வான்ஸ் கொப்பியைத் திறந்து, இருக்கும் பையன்களோடு உட்கார்ந்து கணக்கை நேர் செய்யுங்கள். கொடுக்க வேண்டிய பாக்கி இருந்தால் தீபாவளி வரை வைத்திருக்காமல் இந்த மாதச் சம்பளத்தோடு கொடுத்துவிடுங்கள்.